வன்னி வீட்டுக்கு உள்ளே பெயின்ற் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு முதன்முதல் பெயின்ற் அடித்தது ஒரு மார்கழியில். ஐப்பசியில் சீமெந்துப் பூச்சு முடிந்திருந்தது. தைப்பொங்கலுக்கு முன் வீடு வெளிச்சமாக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். பொங்கலன்று வீடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாசி பிறந்து வெயில் ஏற, சாமியறைச் சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் தட்டினால் தோல் உரிவது போல உரிந்து, உள்ளே ஈரச் சீமெந்து தெரிந்தது. முழுவதையும் சுரண்டித் திரும்ப அடிக்க இரட்டிப்புச் செலவு.

அதன் பிறகு சொந்தக்காரர், அயலவர், தெரிந்தவர்கள் என்று பல வீடுகளில் நின்று அடித்திருக்கிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே பதிலோடு எழுதுகிறேன்.

"தம்பி, பொங்கலுக்கு முதல் அடிச்சு முடிக்கலாமோ?"

முடிக்கலாம். ஆனால் அதற்கு ஆவணி, புரட்டாதியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. தைப்பொங்கல் வருவதோ அந்த மழை முடியும் நேரத்தில். வருடத்திலேயே சுவர் ஆகக் கூடுதலாக நனைந்து கிடக்கிற காலத்தில்தான் எல்லோரும் பெயின்ற் ரின்னைத் திறக்கிறார்கள். வெளியே ஒரு கிழமை வெயில் எறித்தாலும், சுவருக்குள் இருக்கிற தண்ணீர் ஒரு கிழமையில் போகாது.

என்னைக் கேட்டால் மாசிக் கடைசியும் பங்குனியும் நல்ல காலம். மழை விட்டிருக்கும், சுவர் காய்ந்திருக்கும், சோளகக் காற்றும் இன்னும் தொடங்கியிருக்காது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்றால், பங்குனியில் அடித்து வைப்பது வசதி. ஆனி, ஆடியிலும் அடிக்கலாம், சுவர் எலும்பாகக் காய்ந்திருக்கும். தொல்லை புழுதிதான். சோளகம் வீசினால் செம்மண் பறந்துவந்து ஈரப் பெயின்ற்றில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் காற்று எழும்பும் முன், விடியவே தொடங்கிப் பத்து மணியோடு நிறுத்துவது நல்லது. கதவு நிலைக்கு எனாமல் (மினுக்கமான எண்ணெய்ப் பெயின்ற்) அடிக்கிற நாளில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்போம்.

பொங்கலுக்குக் கட்டாயம் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், சுவரைத் தூசி தட்டி, கதவு யன்னலை மட்டும் அடியுங்கள். மரமும் நனையாமல் இருந்திருந்தால் அது தாங்கும். சுவர் மாசி வரை பொறுக்கட்டும்.

புதுச் சீமெந்துப் பூச்சு எத்தனை நாள் காய வேண்டும்?

வெயில் காலத்தில் குறைந்தது 28 நாள். மாரியில் இரண்டு, மூன்று மாதமும் ஆகலாம்.

இது ஈரத்துக்கு மட்டுமான கணக்கல்ல. புதுச் சீமெந்து கடும் காரத்தன்மை கொண்டது. எண்ணெய்ப் பெயின்ற்றை அதன் மேல் அடித்தால், அந்தக் காரம் எண்ணெயைச் சவர்க்காரம் போலாக்கி விடும். பெயின்ற் பிசுபிசுத்து, நிறம் மங்கி, கழன்று வரும். தண்ணீர்ப் பெயின்ற் (எமல்ஷன்) இதைவிடத் தாங்கும், என்றாலும் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கக்கூடும். நாள் போகப் போகக் காரம் தணியும். அதற்குத்தான் காத்திருக்கிறோம். ரின்னில் காரத்தைத் தாங்கும் என்று போட்டிருக்கிற சுவர்ப் பிரைமரை, அதாவது நிறத்துக்கு அடியில் போகும் பூச்சை, முதலில் அடிப்பதும் அதற்குத்தான்.

பூச்சு முடிந்தவுடன் ஒரு கிழமைக்குத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். காய வைக்கிறோம் என்று அதை விட்டுவிட்டால் பூச்சு வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. எங்கள் வெயிலில் சுவரின் முகம் ஒரு நாளில் காய்ந்துவிடும், வயிறு காயாது. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பொலித்தீன் துண்டை வெட்டி, நான்கு ஓரமும் ரேப்பால் இறுக்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடுத்த நாள் உட்பக்கம் வியர்த்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தால், இன்னும் தண்ணீர் இருக்கிறது. நிலத்தில் இருந்து ஓரடியில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். குசினி, குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் ஒன்று.

சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. எத்தனை தரம் அடித்தாலும் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

என்னிடம் ஆகக் கூடுதலாக வருகிற கேள்வி இதுதான். பல வீடுகளில் காசு கரைவதும் இந்த இடத்தில்தான்.

உப்பு தானாக நடந்து வராது, தண்ணீர்தான் அதைச் சுமந்து வருகிறது. நிலத்து ஈரம் அத்திவாரத்தால் ஏறிச் சுவருக்குள் உறிஞ்சப்படுகிறது. போகிற வழியில் கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போய், சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த இடத்தைப் பெயின்ற் அடைத்தால், உப்பு பெயின்ற்றுக்குப் பின்னால் பூத்து அதைத் தள்ளி விழுத்தும். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் போடாத வீடுகளில் மூன்றடி உயரம் வரை இப்படி வரும். உருத்திரபுரம் போல வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இடங்களில் மாரிக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் இது இன்னும் கூடுதலாக வரும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் வேறொரு காரணமும் உண்டு: கழுவாத கடற்கரை மணலில் சாந்து குழைத்திருந்தால் உப்பு முதலில் இருந்தே சுவருக்குள் இருக்கிறது. உவர்த் தண்ணீரில் சீமெந்து குழைத்தாலும் இதே கதை.

ஆகவே பெயின்ற் கடைக்குப் போக முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? பூமரச் சாடிகளையோ வாழையையோ சுவரோடு சேர்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? முற்றத்து மண் உயர்ந்து அத்திவாரத்தை மூடிவிட்டதா? தண்ணீர்த் தாங்கியின் குழாய் கசிகிறதா? நான் பார்த்த வீடுகளில் பாதிக்குப் பாதி இதற்குள் அடங்கும். வெளியே மண்ணை ஒதுக்கி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடச் சரிவு வைத்தால், அடுத்த வெயிலில் சுவர் தானாகக் காயத் தொடங்கும்.

உள்ளே செய்ய வேண்டியது இது. உதிர்கிற பெயின்ற்றையும் பூச்சையும் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து எடுத்து, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். இரண்டு கிழமை விட்டுப் பார்த்து, திரும்பப் பூத்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். பூப்பது நின்ற பிறகுதான் பிரைமர். சுவரடி முழுக்கச் சாந்து மாவாக உதிர்கிறதென்றால், அந்த மூன்றடியைக் கொத்தி, கழுவிய ஆற்று மணலோடு நல்ல தண்ணீரில் குழைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதற்கு மேல் எந்த விலைப் பெயின்ற்றும் உதவாது.

2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் ஏறிய வீடுகள் எத்தனையோ. அப்படி நின்ற சுவருக்கு அந்த வருடப் பொங்கலைப் பற்றி யோசிக்கவே கூடாது. முழு வெயில் காலம் ஒன்று அதற்கு வேண்டும்.

எங்களுடையது வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. உள்ளே பூச்சுப் பூசவில்லை. கல்லின் மேலேயே அடிக்கலாமா?

அடிக்கலாம். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவும் சுவரும் கூரையும் எழும்புவதற்குள் கரைந்துபோன வீடுகள் நிறைய உண்டு. பூச்சுக்கு வசதி வரும்வரை வெறுங் கல்லைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

சீமெந்துக்கல் பஞ்சு போல உறிஞ்சும். நேரே எமல்ஷன் அடித்தால் மூன்று, நான்கு தடவை (கோட்) அடித்தாலும் நிறம் நிற்காது. மூட்டுகளில் ஓட்டை இருந்தால் சாந்தால் அடைத்து, கல்லைத் தூசி போகத் தேய்த்து, சீமெந்தைத் தண்ணீரில் கஞ்சிப் பதமாகக் கரைத்து தும்புத் தூரிகையால் ஒரு கோட் பூசுங்கள். பூச முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். காய்ந்த கல்லில் பூசினால் தூளாக உதிரும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து, ஒரு மாதம் விட்டு, பிறகு பிரைமர். சுவர் சமமாக வராது, கல்லின் வரி தெரியும். பரவாயில்லை, வீடு வெளிச்சமாகும், புழுதி உதிர்வதும் நிற்கும். பின்னர் பூச்சுப் பூச உத்தேசம் என்றால் மட்டும் பெயின்ற் அடிக்காதீர்கள், அதன் மேல் சாந்து பிடிக்காது. அந்தச் சீமெந்துக் கரைசலோடு நிறுத்துங்கள்.

மண்சுவருக்கு?

சுண்ணாம்புதான். மண்சுவர் ஈரத்தை இழுக்கவும் விடவும் வேண்டும். பிளாஸ்ரிக் தோல் மாதிரிப் படிகிற எமல்ஷனை அதில் அடித்தால், உள்ளே ஈரம் அடைபட்டு மண்ணோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும்.

நீற்றின சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, பாலை விடச் சற்று ஐதாக அடியுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை ஏறும். தடிப்பாக ஒரு கோட் அடிப்பதை விட ஐதாக மூன்று கோட் அடிப்பதே நிற்கும். எங்கள் அம்மம்மா துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சொட்டு விடுவார், மஞ்சள் பாரிக்காது. கண்ணை மட்டும் கவனியுங்கள். சுண்ணாம்பு தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுவரில் செல் (எறிகணை) துண்டு பட்ட ஓட்டைகள் இருக்கின்றன. அடைத்தாலும் பிறகு கபிலமாக ஊறுகிறது.

ஓட்டைக்குள் இரும்புத் துண்டு இருக்கிறது என்று அர்த்தம். அது துருப்பிடித்து, புட்டியையும் (ஓட்டை நிரப்பும் பசை) பெயின்ற்றையும் தாண்டி நிறம் விடுகிறது. துரு வீங்குவதால் அடைத்த இடம் வெடிக்கவும் செய்யும். ஓரங்களைச் சிறிது கொத்தி, துண்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, உள்ளே நனைத்து, சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று கலந்த சாந்தால் அடையுங்கள். ஆழமான ஓட்டையை ஒரே தடவையில் நிரப்பினால் சாந்து சுருங்கி விலகும். பாதி அடைத்து, அடுத்த நாள் மிச்சம். புட்டி மேலே மட்டத்துக்கு மட்டும்.

கிடைக்கிற பொருள் சில்லுத் துண்டு போல இல்லாமல் முழுதாக, உருண்டையாக, இறகு வைத்ததாக, வயர் வைத்ததாக எதுவாக இருந்தாலும் தொடவேண்டாம். ஆட்களை விலக்கிப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்தும் இது வெறும் பயமுறுத்தலுக்குச் சொல்வதல்ல.

ஒரு வீட்டில் அந்தத் தாய், ஒரு சுவரை மட்டும் அடைக்க வேண்டாம் என்றார். ஓட்டைகளைத் தூசி தட்டி, அப்படியே மேலே பெயின்ற் அடித்துக் கொடுத்தோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பழைய பெயின்ற்றின் மேல் அடிக்கலாமா?

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் மா ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர் என்ற மாப்பெயின்ற். அதை ஈரத்துணியாலும் தூரிகையாலும் கழுவி எடுத்து, காயவைத்துப் பிரைமர் அடிக்காமல் மேலே போகக்கூடாது. மா ஒட்டாவிட்டால், ரேப் ஒன்றை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ற் அதோடு சேர்ந்து வராவிட்டால் நல்ல பிடிப்பு. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, மினுக்கமாக இருந்தால் சான்ட் பேப்பரால் மங்கச் செய்து அடிக்கலாம்.

கதவு நிலைகளில் உள்ள பழைய எனாமலைப் பற்றி ஒன்று. இலங்கையில் பெயின்ற்றில் இருக்கக்கூடிய ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை வைத்தது 2013இல்தான். அதற்கு முந்திய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணி நடவுங்கள். காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதைத் தேய்க்கவோ, காய்ந்த தும்புத்தடியால் உரசவோ கூடாது. அதன் நார் நெஞ்சுக்குள் போகும். நனைத்த துணியால் ஒட்டறையை ஒற்றி எடுங்கள்.

குசினிப் புகைக்கறை பெயின்ற்றுக்கு மேலால் மஞ்சளாக வருகிறதே?

விறகுப் புகையிலும் மண்ணெண்ணெய் விளக்குப் புகையிலும் எண்ணெய்த் தன்மை உண்டு. தண்ணீர்ப் பெயின்ற் அதைக் கரைத்து மேலே இழுத்துவிடும். சவர்க்காரத்தூள் கரைத்த சுடுதண்ணீரால் இரண்டு முறை கழுவி, காய்ந்த பின் எண்ணெய்ப் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன் மேல் நிறத்தை அடியுங்கள்.

பூஞ்சணம் பிடித்த இடத்துக்கு, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு வேறு எந்தக் கழுவியையும், குறிப்பாக அமிலத்தையும் அமோனியாவையும், கலக்கவே கூடாது. நச்சுப் புகை வரும்.

கறையான் ஏறிய சுவர், நிலை?

கறையான் புற்றுக் கோட்டைச் சுரண்டி மேலே பெயின்ற் அடித்தால், ஒரு மாதத்தில் பக்கத்தால் புதுக் கோடு வரும். பெயின்ற் கறையானைத் தடுக்காது. நிலையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் உள்ளே கோறையாகிவிட்டது. முதலில் மருந்தடிப்பு, பழுதான மரத்தை மாற்றுதல், பிறகுதான் நிறம். முதிரையும் பாலையும் தாங்கும். மலிவு மரத்தில் போட்ட நிலைகளில்தான் இந்தத் தொல்லை கூடுதல். அதனால்தான் இப்போது சீமெந்து நிலை போடுகிறார்கள். சீமெந்து நிலைக்கும் சுவரைப் போலவே காரம் தாங்கும் பிரைமர் அடித்துவிட்டுத்தான் எனாமல்.

எவ்வளவு பெயின்ற் வாங்க வேண்டும்?

நல்ல பூச்சுச் சுவரில் எமல்ஷன் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி போகும். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வையுங்கள். சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, நான்கடிச் சதுர யன்னல் இரண்டுக்கு 32 கழித்தால் 387. இரண்டு கோட் என்றால் 774. லீற்றருக்கு 110 என்று பிரித்தால் ஏழு லீற்றர். நான்கு லீற்றர் ரின் இரண்டு எடுத்தால், பிறகு கீறல் விழும்போது தொட்டுப் பூச ஒரு லீற்றர் மிஞ்சும். பிரைமர் ஒரு கோட்டுக்கு நான்கு லீற்றர். பூச்சு கரடுமுரடாக இருந்தால் இன்னும் குடிக்கும். கதவொன்றுக்கு இரு பக்கமும் நிலையும் சேர்த்து இரண்டு கோட் எனாமல் ஏறக்குறைய ஒரு லீற்றர்.

ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். கலந்து தரும் நிறம் அடுத்த முறை மயிரிழை மாறினாலும் சுவரின் நடுவில் கோடு போலத் தெரியும். இரண்டு ரின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள்.

காசு போதாதென்றால் எதைக் குறைப்பது என்றும் கேட்பார்கள். மேல் நிறத்தில் விலை குறைந்ததை எடுங்கள், பிரைமரை விடாதீர்கள்.

எதை முதலில் அடிப்பது?

மேலிருந்து கீழே. கூரையின் ஒட்டறை, குளவிக்கூடு, பல்லி எச்சம் எல்லாம் தட்டித் துடைத்து, சீலிங் இருந்தால் அது முதலில். பிறகு சுவர், அதன் பிறகு கதவு, யன்னல், நிலை. கடைசியில் நிலத்தோடு ஒட்டிய அரையடி நிறப்பட்டி. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு சுவிச் மூடிகளைக் கழற்றுங்கள். சுற்றி வர மினக்கெட்டு ரேப் ஒட்டுவதை விட அது சுலபம்.

றோலர் அடித்த பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஏன்?

எங்கள் வெக்கைதான். ஒரு பட்டை அடித்து அடுத்ததற்கு வரும் முன் முதலாவது காய்ந்துவிடுகிறது. காய்ந்த ஓரத்தின் மேல் ஈரம் ஏறும்போது இரட்டைத் தடிப்பாகிறது. வெயில் படுகிற சுவரை அந்த நேரத்தில் அடிக்க வேண்டாம். மேற்குச் சுவரைக் காலையில், கிழக்குச் சுவரைப் பின்னேரம். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒருவர் பிரஷால் மூலையும் ஓரமும் எடுத்துக்கொண்டு முன்னால் போக, மற்றவர் அந்த ஓரம் காயும் முன் றோலரால் பின்னால் வர வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் இது அழகாக நடக்கும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலை வரை முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி.

தண்ணீரை ரின்னில் சொன்ன அளவுக்கு மேல் விடாதீர்கள். குழாய்க்கிணற்று உவர்த் தண்ணீரைத் தவிர்த்து, குடிக்கிற தண்ணீரை எடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் போதும், மாரியில் ஒரு நாள்.

கதவு, யன்னல் நிலை நன்றாக வர என்ன செய்ய வேண்டும்?

பழைய எனாமலைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மங்கச் செய்து, துடைத்து, வெறும் மரம் தெரிகிற இடத்துக்கு மரத்துக்கான பிரைமர். ஆணி ஓட்டைக்குப் புட்டி, அது காய்ந்த பின் மறுபடி ஒரு தேய்ப்பு. பிறகு எனாமல் இரண்டு கோட், இடையில் ஒரு இரவு. எனாமலைத் தடிப்பாக வைத்தால் வழிந்து கண்ணீர் போல நிற்கும். மெல்லிசாக இழுத்து, கடைசி இழுப்பு மரத்தின் வரி ஓடுகிற பக்கமாக இருக்கட்டும். தேக்கு என்றால் அடிக்க முன் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், அதன் எண்ணெய் பெயின்ற்றைப் பிடிக்க விடாது.

மாரியில் கதவு இறுகிக்கொள்கிறதா? கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் யாரும் அடிப்பதில்லை. மரம் அந்த வழியால்தான் ஈரம் குடித்து ஊதுகிறது. பங்குனியில் கதவைக் கழற்றி, உரசும் இடத்தைச் சீவி, இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் எனாமலும் அடித்து மாட்டுங்கள். அடுத்த மாரிக்குப் பாருங்கள்.

யன்னல் கிறில்லுக்குத் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, பிறகு எனாமல். கடற்கரைப் பக்கம் என்றால் தேய்க்க முன் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும்.

என்ன நிறம் நல்லது?

உங்களுக்குப் பிடித்தது. வெளிர் நிறம் அறைக்குள் வெளிச்சத்தைக் கூட்டும், சீற்றுக் கூரையின் வெக்கையைக் குறைக்காது. செம்மண் பக்கம், பிள்ளைகள் உள்ள வீடு என்றால் சுவரின் கீழ் மூன்றடிக்குக் கழுவக்கூடிய எமல்ஷனில் கொஞ்சம் கடும் நிறம் அடியுங்கள். முழு வெள்ளைச் சுவர் எங்கள் புழுதியில் ஒரு வருடம் தாங்காது.

ஆள் பிடித்தால் நாள் சம்பளமா, சதுர அடிக் கணக்கா?

சதுர அடிக்குக் கொடுத்தால் வேகமாக முடியும். ஆனால் தேய்ப்பும் காயவிடுதலும்தான் முதலில் குறையும். தேய்ப்பது, புட்டி, பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு என்று தொடங்க முன் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் நானும் இரண்டு மகள்மாரும்தான். நாங்களே அடிக்கலாமா?

தாராளமாக, அக்கா. பலத்தை விடப் பொறுமைதான் இந்த வேலைக்கு வேண்டும். நான் பார்த்ததில் ஆக நேர்த்தியான யன்னல் நிலைகளை அடித்தது புதுக்குடியிருப்பில் ஒரு தாயும் மகளும். ஒரு சின்ன அறையில் தொடங்குங்கள். மேசையின் மேல் கதிரை வைத்து ஏறவேண்டாம். நல்ல ஏணி ஒன்றை இரவல் வாங்கி, கீழே ஒருவர் பிடிக்க ஏறுங்கள்.

பிரஷை எங்கே கழுவுவது?

கிணற்றடியில் கழுவவே வேண்டாம். எங்களில் பலர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். எமல்ஷன் பிரஷை முதலில் கடதாசியில் துடைத்து, வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கும் வயலுக்கும் தள்ளிக் கொட்டுங்கள். எனாமல் பிரஷை ஒரு போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம். அதே மண்ணெண்ணெய் தெளிந்த பிறகு அடுத்த முறைக்கும் உதவும். ஆனால் மண்ணெண்ணெயை எனாமலில் கலந்து அடிக்கக்கூடாது, மினுக்கம் போய்விடும். எண்ணெய்ப் பெயின்ற் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். குவியலுக்குள் சூடேறித் தானாகப் பற்றக்கூடும்.

அடித்த அறையில் எப்போது படுக்கலாம்?

எமல்ஷன் என்றால் யன்னலைத் திறந்து வைத்து அடுத்த நாள். எனாமல் அடித்திருந்தால் மணம் போகும் வரை இரண்டு மூன்று நாள். கைக்குழந்தையோ இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களோ இருந்தால் ஒரு கிழமை விறாந்தையில் பாய் விரியுங்கள். கட்டிலையும் அலுமாரியையும் சுவரோடு ஒட்டித் தள்ளாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியால் காற்றுப் போனால், வருகிற மாரிக்கு அலுமாரியின் பின்னால் பூஞ்சணம் பிடிக்காது.